ஒரே நடைக்காகக் காத்திருந்த உத்தரவு

நான்கு வருடம் துப்பாக்கிக் கோப்புகளைப் பார்த்தேன். தீபாவளியைக் கணக்கில் சேர்க்காவிட்டால், அந்த நான்கு வருடத்தில் ஒரு வெடிச் சத்தம்கூடக் கேட்டதில்லை. வருவாய்த் துறையில் உதவியாளர் வேலை. எந்த ஊர் அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அடுத்த வாரமே யாராவது ஃபோன் செய்து, "எங்களைத்தான் எழுதியிருக்கீகளா" என்று கேட்பார்கள். தேனி மாவட்டத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருக்கைக்கு மாற்றல் வந்த அன்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் கரப்பான்பூச்சியைக் கண்டால் கட்டிலில் ஏறி நிற்கிறவள். அதன்பிறகு சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தாலே, "துப்பாக்கி வந்தாச்சு, எல்லாரும் கையைத் தூக்குங்க" என்பார். பிள்ளைகளும் தூக்குவார்கள்.

வேலை என்னவோ சாதுவான வேலைதான். பெரியகுளத்து மாந்தோப்புக்காரர்கள், மலையடிவாரத்தில் கடலை போட்டவர்கள், கேரளத்துப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் கம்பத்து வியாபாரிகள் என்று உரிமத்தைப் புதுப்பிக்க வருவார்கள். பெரும்பாலும் பன்றி விரட்டுவதற்கென்று வாங்கிய ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிகள். குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, நீளக் கம்பியால் இடித்து வைக்கிற வகை. ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைப்பார்கள். மற்ற நாளெல்லாம் அது குடையோடு சேர்ந்து ஆணியில் தொங்கும்.

சிலருக்கு உரிமம் ரத்தாகும். அடிதடி வழக்கில் மாட்டியவர், குடித்துவிட்டுத் தெருவை மிரட்டியவர், மனைவியை அடித்து மகளிர் காவல் நிலையம் வரைக்கும் போனவர். இந்தக் கையில் இனித் துப்பாக்கி இருக்கக் கூடாது என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வரும். உத்தரவை ஆளின் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலை. துப்பாக்கியை எடுத்து வருவது போலீஸ் வேலை. ரத்து செய்ய ஒரு தாள் போதும். எடுத்து வர வண்டி வேண்டும், வண்டிக்கு டீசல் வேண்டும், கூட வருவதற்கு இரண்டு காவலர்கள் வேண்டும். தாள் எங்களிடம் நிறைய இருந்தது.

எங்கள் ஜீப் ஒன்றே ஒன்று. வெள்ளம் என்றால் அது, கோர்ட்டு என்றால் அது, அமைச்சர் வந்தால் முன்னால் ஓடுவதும் அதுதான். அதனால் அலுவலகத்தில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஒரு திசைக்குப் போகவேண்டிய தபால்களை எல்லாம் சேர்த்து வைப்போம். ஜீப் எப்போது அந்தப் பக்கம் போகிறதோ அப்போது மொத்தமாகக் கொண்டுபோய்க் கொடுப்போம். "ஒரே நடையா முடிச்சிருவோம்" என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது யாராவது சொல்வார்கள். டீசல் மிச்சம் பிடிப்பதில் எங்களுக்கு ஒரு பெருமையே இருந்தது. எனக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

அந்தப் பெண் ஒரு திங்கட்கிழமை மனுநாளில் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணில் மயில்துத்தத்தின் நீலம் ஒட்டியிருந்தது, திராட்சைக் கொடிக்கு மருந்தடிக்கிறவர்களுக்கு அது போகவே போகாது. ஓடைப்பட்டிப் பக்கம் அவளுடைய அப்பா எழுதிக் கொடுத்த திராட்சைத் தோட்டம். தோட்டத்துக்குள் இரண்டு வீடு. ஓட்டு வீட்டில் கணவன். மோட்டார் அறையை ஒட்டிய சின்ன வீட்டில் அவளும் பள்ளிக்கூடம் போகிற மகளும். அவன் அடித்ததற்கு வழக்குப் போட்டிருக்கிறாள், ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். கடலைக்காட்டுக்குப் பன்றி வருகிறது என்று என்றைக்கோ வாங்கிய துப்பாக்கி அவனிடம் இருக்கிறது.

"அதைக் காட்டி மிரட்டுறாரா?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம். வாசல்ல உக்காந்து துடைக்கிறாரு. கம்பில துணியைச் சுத்தி, தேங்காண்ணெய தொட்டு, குழலுக்குள்ள விட்டு விட்டு இழுக்குறாரு. தினம் சாயங்காலம், நான் பாக்குற மாதிரி. அடிச்சாக் கேஸ் குடுக்கலாம். துடைக்கிறதுக்கு என்னன்னு கேஸ் குடுக்க?"

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. வீட்டில் என் கோபத்தைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொல்வார்கள், ஆனால் அலுவலகத்தில் அது உருப்படியாக ஏதாவது செய்யும். அன்றே அறிக்கை எழுதினேன். போலீஸ் அறிக்கையைக் கேட்டு வாங்கி இணைத்தேன். "அம்மா வீட்டுக்குப் போயிரக் கூடாதா?" என்றும் அவளிடம் கேட்டுப் பார்த்தேன். "தோட்டத்தை விட்டுட்டுப் போனா அது அவருக்குப் போயிரும் மேடம். கொடி காய்ப்புக்கு வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது" என்றாள். அதற்குமேல் நான் புத்தி சொல்லவில்லை.

இரண்டு மாதத்தில் ரத்து உத்தரவு வந்தது. அவனுக்கு ஒரு பிரதி, காவல் நிலையத்துக்கு ஒரு பிரதி. அதே வாரம் தேர்தல் அறிவிப்பும் வந்தது.

தேர்தல் என்றால் எங்கள் பக்கம் உரிமம் உள்ள எல்லாத் துப்பாக்கியும் காவல் நிலையத்துக்குப் போய்விடும். கொடுத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்வார்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். மாட்டைச் சந்தைக்கு ஓட்டிப்போய் விலை படியாமல் திரும்ப ஓட்டிவருகிற மாதிரி எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். அவனும் நல்ல பிள்ளையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான்.

அவள் அலுவலகத்துக்கு ஒரு பை பன்னீர்த் திராட்சையோடு வந்தாள். கையூட்டு என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று நான் வாங்கவில்லை. அவளே மேசை மேசையாகப் போய் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தாள், எல்லாரும் சாப்பிட்டார்கள். "ரெண்டு நாளா நல்லாத் தூங்குறேன் மேடம்" என்றாள். முகம் தெளிந்திருந்தது. எனக்கும் நிம்மதியாகிவிட்டது. துப்பாக்கிதான் நிலையத்தில் இருக்கிறதே, உத்தரவுக்கு என்ன அவசரம்? தேர்தல் வேலை முடிந்ததும் ஜீப் அந்தப் பக்கம் போகும், அவனுக்கும் நிலையத்துக்கும் ஒரே நடையில் கொடுத்துவிடலாம். இரண்டு பிரதியையும் ஓடைப்பட்டித் திசைக் கட்டில் வைத்து நூல் போட்டுக் கட்டினேன். அழகாகத்தான் கட்டியிருந்தேன்.

தேர்தலில் வாக்காளர் பட்டியல், சாவடி, பயிற்சி வகுப்பு என்று நாய் படாத பாடு. முடிவுகள் வந்து நடத்தை விதி விலகி ஒரு வாரம் இருக்கும். அவள் வந்து என் மேசைக்கு எதிரே நின்றாள். கையில் பை இல்லை.

"துப்பாக்கி வீட்டுக்கு வந்துருச்சு மேடம்" என்றாள்.

எப்படி வந்தது என்று நான் கேட்கவேண்டியதே இல்லை. ரசீதோடு போயிருப்பான். மற்ற எல்லாருக்கும் கொடுத்த மாதிரி அவனுக்கும் கொடுத்திருப்பார்கள். ரத்தானது நிலையத்துக்கு எப்படித் தெரியும்? தெரிவிக்கவேண்டிய தாள் என் முழங்கைக்குக் கீழே இருந்தது. ஒரே ஒரு ஃபோன் செய்திருந்தால் போதும். அந்த ஃபோனை நான் செய்யவில்லை, டீசல் செலவே இல்லாத காரியம் அது.

"பாக்குறேம்மா" என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொல்லவில்லை. அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். அவள் போனபிறகு தபால் கட்டை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேன், பிறகு வெளியே எடுத்தேன். அதை ஒளித்து வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதை இப்போது சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

மறுநாளே கிராம நிர்வாக அலுவலரைக் கூப்பிட்டு உத்தரவைக் கொடுத்து அனுப்பினேன். பஸ்ஸில் போனார். அவன் வாங்கிப் பார்த்துவிட்டு, "வக்கீலைக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுறேன்" என்று தாளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டான். போலீஸ் இல்லாமல் இன்னொரு தடவை போகமாட்டேன் என்றார் அவர். அவர் பயத்தில் தப்பில்லை. போலீஸில் கேட்டால், வீரபாண்டித் திருவிழா பந்தோபஸ்துக்கு ஆள் போயிருக்கிறது, வண்டி இல்லை, பார்க்கலாம் என்றார்கள். அதிலும் பொய்யில்லை. நிலையத்துப் பிரதியை நானே பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்து ஒப்புதல் வாங்கினேன், அவ்வளவுதான் முடிந்தது.

ரத்தான துப்பாக்கிகளை எடுத்து வர ஒரு வாடகை வண்டியும் காவலர்களுக்குப் படியும் கேட்டு ஏற்கெனவே இரண்டு தடவை மேலே எழுதியிருந்தேன். இரண்டு தடவையும், "இருக்கும் நிதியிலேயே செய்துகொள்ளவும்" என்று திரும்பி வந்தது. இருக்கும் நிதி எது என்று அவர்கள் சொல்லவில்லை. மூன்றாம் தடவை எழுத உட்கார்ந்தேன். வழக்கமாக எழுதுகிற 'நிர்வாக நலன் கருதி' எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். உத்தரவு எந்தத் தேதியில் என் கைக்கு வந்தது, வண்டி மிச்சம் பிடிப்பதற்காக எத்தனை வாரம் என் மேசையில் கட்டுக்குள் கிடந்தது, அதனால் துப்பாக்கி எப்படித் திரும்பிப் போனது, அந்த வீட்டிலிருந்து அந்தப் பெண்ணின் வாசல் எத்தனை அடி தூரம் என்று எழுதினேன். வண்டி கொடுக்காவிட்டால் இது இன்னொரு வீட்டில் நடக்கும் என்றும் எழுதினேன்.

தலைமை எழுத்தர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ஓய்வுபெற ஒரு வருடம் இருந்தவர், யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நினைக்கிற மனிதர். "ஏம்மா, உனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்கு? உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போடுற. அந்தப் பாராவை எடுத்துரு."

"அதை எடுத்தா மறுபடியும் இருக்கிற நிதியில செய்யச் சொல்லுவாக சார்."

அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு சுருக்கொப்பம் போட்டார். மேலே அதிகாரியும் போட்டார்.

மூன்று வாரத்தில் ஒரே தபாலில் இரண்டு கடிதம் வந்தது. ஒன்றில், இந்த வேலைக்கென்று தனியாக ஒரு சிறு நிதி ஒதுக்கியிருந்தார்கள். வாடகை ஜீப், டீசல், காவலர் படி, எல்லாம் சில நாட்களுக்கு. இன்னொன்று எனக்கு மெமோ. காலதாமதத்துக்குப் பதினைந்து நாளுக்குள் விளக்கம் கொடுக்கவேண்டும். "ரெண்டையும் ஒரே நடையா அனுப்பிட்டாக பாரு" என்று தலைமை எழுத்தர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்.

வியாழக்கிழமைக்கு ஜீப் ஏற்பாடானது. கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குக் குமுளி மலைக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் அது. எங்களுக்காக ஓட்டுநர் இரண்டு நாள் சவாரியை விட்டுவிட்டு வந்திருந்தார். அதற்கு முந்தைய திங்கட்கிழமையே அவளிடமிருந்து ஃபோன் வந்தது.

"எப்ப மேடம் வாறீக?"

"வியாழக்கிழமைம்மா. போலீஸோட வாறோம்."

"அதுக்கு முன்னால முடியாதா மேடம்?"

"ஜீப்பே வியாழக்கிழமைதான் வருது."

"சரி மேடம். வியாழக்கிழமை" என்று வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலையில் ஓட்டுநர் பட்டியலைப் பார்த்தார். வடுகபட்டி, பெரியகுளம், தேனி என்று முடித்துவிட்டு மறுநாள் ஓடைப்பட்டிக்குப் போனால் டீசல் மிச்சமாகும் என்றார். நியாயமான கணக்கு. ஒரு மாதத்துக்கு முன்னால் என்றால் நானே அதைச் சொல்லியிருப்பேன்.

"முதல்ல ஓடைப்பட்டி" என்றேன்.

"சுத்தாச்சே மேடம்."

"சுத்தட்டும்."

என் குரலைக் கேட்டு, "சாரமில்ல மேடம்" என்று பாதி மலையாளத்தில், பரவாயில்லை என்கிற மாதிரி சமாதானம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். முன்னால் சப்-இன்ஸ்பெக்டர், பின்னால் இரண்டு காவலர்களும் கிராம நிர்வாக அலுவலரும் நானும். ஏலக்காய்ச் சாக்கு வாசனை வண்டி முழுக்க இருந்தது.

அவன் வீட்டில்தான் இருந்தான். நான் மனசுக்குள் வரைந்து வைத்திருந்த ஆள் மாதிரி இல்லை. மெலிந்த உடம்பு, துவைத்த சட்டை, மரியாதையான பேச்சு. "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலி எடுத்துப் போட்டான். "நான் முறையா ரசீதைக் காட்டித்தானே வாங்கிட்டு வந்தேன். அவுகளாத்தான குடுத்தாக" என்றான். உத்தரவை வாசித்துக் காட்டினேன். சப்-இன்ஸ்பெக்டர் பக்கத்தில் நின்றதால் வக்கீல் பேச்சு எழவில்லை. கையெழுத்துப் போட்டான், தேதியும் போட்டான். "இனிமே பன்னி வந்தா நான் என்ன செய்ய?" என்றான்.

துப்பாக்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. போன ஆயுதபூஜையின் சந்தனப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் அதை வாசலுக்குக் கொண்டுவந்து, அதன் அடியில் சொருகியிருந்த கம்பியை உருவினார். முதலில் கம்பியைக் குழலுக்கு வெளியே வைத்து அளந்து காட்டினார். இரண்டும் ஒரே நீளம். "வெறுங்குழல்னா கம்பி முழுசா உள்ள போயிரும்" என்று எனக்காகச் சொல்லிவிட்டுக் குழலுக்குள் விட்டார். கம்பி இறங்கி நின்றது. ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் துப்பாக்கியை மெதுவாகத் தோட்டத்துப் பக்கமாகத் திருப்பிப் பிடித்தார். "மருந்து போட்டா வச்சிருக்க?"

"பன்னிக்குத்தான் சார்" என்றான் அவன். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

மோட்டார் அறைப் பக்கத்து வீட்டு வாசலில் அவள் அதுவரை அசையாமல் நின்றிருந்தாள். தாகத்துக்குக் கேட்கிறார் என்று நினைத்திருப்பாள். உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திராட்சைப் பந்தலுக்கு அடியில் நடந்து வந்தாள். சப்-இன்ஸ்பெக்டர் சொம்பை வாங்கிக் குழலுக்குள் ஊற்றினார், மருந்து நனைந்து போகும்படி முழுவதும் ஊற்றினார். தண்ணீர் குழல் வாய்வரை வந்து வழிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வழக்குப் போட முடியுமா என்று நான் அவரைத் தனியாகக் கேட்டேன். "உத்தரவு வாங்குன கையெழுத்தே இன்னைக்குத் தேதியிலதான மேடம் இருக்கு. நேத்து வரைக்கும் அவனுக்குத் தெரியாதுன்னுதான் வக்கீல் சொல்லுவாரு. எழுதிப் பாக்குறேன்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. குற்றம் எங்கே இருந்தது என்று அவருக்கு நன்றாகவே தெரியும்.

துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி வண்டியில் ஏற்றும்போது நான் அவளோடு அவள் வீட்டு வாசல்வரை நடந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. "அந்த ஆர்டர் என் மேசையிலதாம்மா கெடந்துச்சு. நான் அனுப்பியிருந்தா அவரு கைக்கு இது திரும்பி வந்தே இருக்காது."

"தெரியும் மேடம்" என்றாள். "துப்பாக்கி திரும்பி வந்த அன்னைக்கே நான் ஸ்டேசன்ல போய்க் கேட்டேன். உங்க ஆபீஸ்லருந்து பேப்பரே வரலைன்னு சொன்னாக."

"அப்பறம் ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை?"

"கேட்டா நீங்க கோச்சுக்கிட்டா? உங்களை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

நான் சொரணையுள்ளவள் என்று என்னைப் பற்றி நினைத்து வைத்திருந்தேன். அந்த வாசலில் நிற்க முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக, "இனிமே சாயங்காலம் அவரு துடைக்கிறதைப் பாக்க வேண்டியதில்லை" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "துடைச்சா எனக்குப் பயமில்லை மேடம். மொதல்ல இருந்துச்சு, பெறகு புரிஞ்சுபோச்சு. கம்பி அடி வரைக்கும் உள்ள போய்ட்டு வந்தா ஒண்ணுமில்லாத துப்பாக்கின்னு அர்த்தம். அதைப் பாத்துட்டுத்தான் தெனமும் வெளக்க அமத்துவேன். ஞாயித்துக்கெழமையிலருந்து அவரு துடைக்கலை."

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். திங்கட்கிழமைதான் அவள் எனக்கு ஃபோன் செய்தாள்.

"ஃபோன்ல சொல்லியிருக்கலாமேம்மா."

"என்னன்னு சொல்ல? எம் புருசன் துப்பாக்கியைத் துடைக்க மாட்டேங்குறாருன்னா? சிரிப்பாக. புள்ளைய சின்னமனூர்ல எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிட்டேன். எனக்குத் திராட்சை வெட்டுக்கு ஆள் சொல்லியிருந்துச்சு, போக முடியலை" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் பிடிக்கவில்லை, எடுக்கவும் இல்லை. ஜீப்பில் ஹாரன் அடித்தார்கள்.

அந்த நிதி தீர்வதற்குள் பட்டியலில் இருந்த பெரும்பாலான துப்பாக்கிகளை எடுத்துவிட்டோம். இப்போது நான் வேறு இருக்கையில் இருக்கிறேன். என் பழைய இருக்கைக்கு வந்திருக்கிற பெண் போன வாரம் என்னிடம், வண்டிக்கு எப்படி எழுதவேண்டும் என்று கேட்டாள். பழைய கடிதத்தின் நகலை எடுத்துக் கொடுத்தேன்.

மெமோவுக்கு விளக்கம் எழுதிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. தாமதம் மொத்தம் எத்தனை நாள் என்று ஒரு கட்டம் இருந்தது. நாட்களை எண்ணிப் போட்டேன். அதற்குக் கீழே, 'மேற்படி நாட்களில் கடைசி நான்கு நாட்கள் துப்பாக்கியில் மருந்து இருந்தது' என்று ஒரு வரி சேர்த்தேன். தலைமை எழுத்தர் அதன்மேல் விரலை வைத்து, "இதை யாரும்மா கேட்டா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை சார் என்றேன். அவர் விரலை எடுத்துக்கொண்டார், அந்த வரி அப்படியே மேலே போனது.